பாரவண்டியின் பின் அச்சும் டிப்ரன்ஷியல் பூட்டும்

அறுவடை முடிந்த ஈர வயலினின்று நெல் மூட்டைகளை ஏற்றிவரும் டீசல் பிக்கப் வண்டியோ, டிரெய்லர் பூட்டிய டிராக்டரோ வரப்பண்டையில் நின்றுவிடுவதும், அதன் பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழல, மற்றொன்று அசையாது நிற்பதும் குடியானவர்கள் ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். அச்சமயம் கரையில் நிற்போர், "இன்னும் கொஞ்சம் மிதி" என்று ஓட்டுநருக்கு யோசனை கூறுவர். அவரும் மிதிப்பார். சுழலும் சக்கரம் மேலும் ஒரு சாண் அமிழும். யந்திரத்திற்குப் பலம் போதவில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பலம் வேண்டிய அளவிற்கு மேலாகவே உண்டு. அது தரையைச் சென்று சேரும் வழியில்தான் தடை இருக்கிறது. அவ்வழி பின் அச்சு ஆகும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மாண்டுபோகும் விபத்துக்களில் சிலவற்றிற்கும் இவ்வச்சின் தன்மையை அறியாமையே காரணமாகையால், வண்டி வைத்திருக்கும் நிலக்கிழார்களும், வாடகை வண்டிகளை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகளும் இதன் வேலையை ஒருமுறை தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலாமை

களத்தில் மாடுகளைப் பிணையல் கட்டித் தாம்படித்த காலத்தை நினைவிலுடையோர் ஒன்றைக் கவனித்திருப்பர். நடுவில் நிற்கும் மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைத்துக் கொண்டிருக்கும். ஓரத்து மாடோ ஓட்டமும் நடையுமாகச் சுற்றிவரும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்தும் நடக்கும் தூரம் வேறு. வண்டி திரும்பும்போது அதன் சக்கரங்களின் நிலையும் இதுவே. சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றிவருமாயின், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 9.4 மீட்டர் அதிகமாக ஓடவேண்டும். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வித்தியாசம் மாறுவதில்லை என்பது கணக்கறிந்தோர்க்கு எளிதில் விளங்கும்.

மாட்டு வண்டிக்கு இதனால் தொல்லையில்லை. அதன் சக்கரங்கள் அச்சின்மேல் தனித்தனியே சுழல்வன. கடையாணி அவற்றை விலகாமல் காப்பதோடு சரி. இழுப்பவை மாடுகள், சக்கரங்கள் உருளுவன மட்டுமே. மோட்டார் வண்டியிலோ சக்கரமே வண்டியைத் தள்ளவேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டு சக்கரங்களையும் யந்திரத்தோடு இணைத்தாக வேண்டும். அதே சமயம் திரும்புகையில் ஒன்று முந்தவும் ஒன்று பிந்தவும் இடங்கொடுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவதே டிப்ரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி. தமிழில் வேற்றுமைப் பல்லிணை என்று வழங்கலாமாயினும், பட்டறைகளில் யாவரும் அறிந்த பெயரையே ஈண்டுக் கையாளுவோம். பாரிஸ் நகரத்துக் கடிகாரத் தொழிலாளரான பெக்குவர் என்பவர் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென இதனை அமைத்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ம் வருஷத்தில் மூன்று சக்கர மிதிவண்டிக்கு இதனைப் பயன்படுத்தினார். இன்றைய டீசல் வண்டியில் இருப்பதும் தத்துவத்தில் அதுவே.

அதன் அமைப்பு வருமாறு. யந்திரத்திலிருந்து பின்நோக்கி வரும் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் உண்டு. அது கிரவுன் என்னும் பெரிய பல்வட்டத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்த்து முடுக்கப்பட்ட ஒரு கூடு அதனுடன் சுழலும். கூட்டின் குறுக்கே ஓர் ஊசித் தண்டும், அதில் தாமாகச் சுழலக்கூடிய ஸ்டார் பினியன்களும் உள. அவற்றின் இருபுறத்தும் பல்லோடு பல் பொருந்திய இரண்டு பக்கச் சக்கரங்கள். அவற்றினின்று வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு ஆக்ஸில் தண்டுகள் வெளிச்சென்று சக்கரங்களைச் சேர்கின்றன. வண்டி நேராகச் செல்லும்போது ஸ்டார் பினியன்கள் தம் ஊசியில் சுழலுவதில்லை. கூட்டோடு சேர்ந்து இரு பக்கத்தையும் சமமாகத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அவை தம் ஊசியில் மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்திற்குக் கொடுத்த வேகத்தை மறுபக்கத்தினின்று குறைத்துவிடும்.

நுகத்தடியின் நியாயம்

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். ஸ்டார் பினியன் செய்யும் வேலை நுகத்தடியின் வேலையே. நுகத்தடியின் நடுவில் பகலாணி இருக்கிறது. இரு கோடியிலும் இரு மாடுகள். நடு ஆணியில் நுகம் சிறிது முன்பின் அசையும். இடத்து மாடு வலுவுள்ளது, வலத்து மாடு கால் வழுக்கி நிற்கமாட்டாதது என்று கொள்வோம். இடத்து மாடு இழுத்தவுடன் நுகம் அப்பக்கம் முன்சென்று, வலப்பக்கம் பின்வாங்கும், ஏர் நகராது. இடத்து மாட்டின் வலுவெல்லாம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மறுகோடியில் எதிர்ப்பு இல்லாமையால் அது பிறக்கவே இல்லை. தராசின் ஒரு தட்டு காலியாயிருக்க மறுதட்டு நிறைகாட்டாததுபோல், நுகத்தின் ஒரு கோடியில் எவ்வளவு தாங்குதல் உண்டோ அவ்வளவே மறுகோடியிலும் செல்லும்.

டிப்ரன்ஷியலும் இரு சக்கரங்களுக்கும் எப்பொழுதும் ஏறக்குறையச் சமமான முறுக்கு விசையையே அளிக்கிறது. சேற்றில் நிற்கும் சக்கரம் 80 கிலோ அளவுக்கு மேல் தரையைப் பற்றமாட்டாதென்றும், கெட்டித் தரையிலுள்ள சக்கரம் 480 கிலோ வரை பற்றக்கூடியதென்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 560 கிலோ இழுக்குமென்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் கிடைப்பது 160 கிலோ மட்டுமே. அதாவது, பலவீனமான சக்கரம் பற்றும் அளவின் இரட்டிப்பு. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் இக்கணக்கு மாறாது. மிதிப்பதனால் மிஞ்சுவதெல்லாம் வேகம். மறுசக்கரம் நின்றுவிட்டமையால், சுழலும் சக்கரம் கிரவுனைப்போல் இருமடங்கு வேகத்தில் சுழன்று குழிதோண்டுகிறது. வேகங்காட்டும் முள் 30-ல் நின்றால் அச்சக்கரம் 60-க்குரிய வேகத்தில் ஓடுகிறதென்று அறிக. அவ்வேளையில் உள்ளே ஸ்டார் பினியன்கள் தம் ஊசியில் கடுவேகமாய்ச் சுழலுகின்றன. திரும்பும்போது மெல்ல உருளுவதற்கென்று அமைந்தவை அவை. இவ்வித ஓட்டத்திற்கு அல்ல. எண்ணெய்ப் படலம் கிழிந்து ஊசி காந்தித் தேய்ந்து, ஒருநாள் கூட்டுக்குள்ளேயே முறிகிறது. மறுமாதம் நல்ல சாலையில் முறிந்த கிரவுனுக்கு மூலகாரணம் சேற்றில் மிதித்த பத்து நிமிஷமாக இருக்கலாம்.

அமெரிக்க டீசல் பிக்கப் வண்டிகளில் கண்ட உபாயங்கள்

இக்குறைக்கு மாற்றுக் கண்டவற்றுள் வடஅமெரிக்காவின் கனத்த டீசல் பிக்கப் வண்டிகள் நல்ல பாடமாவன. அந்நாட்டுப் பண்ணையாளர் கால்நடை டிரெய்லரையும் வைக்கோல் உருளைகளையும் இவற்றாலேயே இழுத்துச் செல்கின்றனர். 1989-ம் வருஷத்து மாதிரியாக வந்த டாட்ஜ் ராம் வண்டியில் கம்மின்ஸ் டீசல் யந்திரம் முதன்முதல் பொருத்தப்பட்டபோது அதன் முறுக்கு விசை 400 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 540 நியூட்டன்-மீட்டர். 2019-ம் வருஷத்து மாதிரியில் அது 1,000 பவுண்டு-அடியாக, 1,356 நியூட்டன்-மீட்டராக உயர்ந்தது. முப்பது வருஷத்தில் யந்திரம் இரண்டரை மடங்கு வலுத்தது. பின் அச்சும் அதற்கேற்பப் பருத்தது. ஷெவர்லே, ஜி.எம்.சி. கனரகங்களில் 2001 மாதிரியிலிருந்தும் டாட்ஜ் ராமில் 2003 மாதிரியிலிருந்தும் வழங்கிய அச்சின் கிரவுன் 11½ அங்குலக் குறுக்களவுடையது.

இவ்வளவு பலமும் தரையில் செல்லுமா என்று கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. முதல் கியரில் மூன்றரை மடங்கு, பின் அச்சில் 3.73 மடங்கு என்று கொண்டால், 1,356 என்பது ஏறக்குறைய 17,700 நியூட்டன்-மீட்டராகப் பெருகும். சக்கரத்தின் ஆரம் 40 சென்டிமீட்டராயின் தரைமட்டத்தில் இது சுமார் 4,500 கிலோ இழுப்பாகும். ஆனால் காலியாயிருக்கையில் அத்தகைய வண்டியின் பின் அச்சின்மேல் நிற்கும் எடை 1,400 கிலோவை ஒட்டியதே. உலர்ந்த தார்ச்சாலையிலும் அது தன் எடைக்கு மேல் பற்ற இயலாது. டீசல் யந்திரமோ சுமார் 1,100 பவுண்டு எடையோடு முன்னச்சின்மேல் அமர்ந்திருக்கிறது. ஆகவே பெரும் பலம் படைத்த இவ்வண்டி காலியாக ஈரப் புல்தரையில் நின்றால், சிறு வண்டியைக் காட்டிலும் எளிதில் சிக்கிக்கொள்ளும். காலி வண்டி வழுக்கும், பாரவண்டி அமிழும் என்பது எந்நாட்டிற்கும் பொது.

மேற்கண்ட 3.73 என்பதன் பொருளையும் சொல்லிவிடுவோம். பினியனுக்கு 11 பற்களும் கிரவுனுக்கு 41 பற்களும் இருந்தால் விகிதம் 3.73, பினியனுக்கு 10 பற்களாயின் 4.10. விகிதம் கூடக்கூட இழுப்பு கூடும். நெடுஞ்சாலையில் யந்திரத்தின் சுற்றும் டீசல் செலவும் அதனுடன் கூடும். பழைய வண்டி வாங்குவோர் இவ்விகிதத்தைக் கேட்டறிந்து, தாம் ஏற்றப்போவது பாரமா, ஓடப்போவது தூரமா என்று முடிவுசெய்க.

வழுக்குதலைத் தடுக்கும் உபாயங்கள் அங்கே மூவகையாக உள்ளன. முதலாவது, கூட்டுக்குள் உராய்வுத் தட்டுகளை வில்லால் அழுத்தி வைத்தல். ஒரு சக்கரம் ஓடிவிட முயன்றால் தட்டுகளின் உராய்வு அதைச் சற்றுப் பிடித்து மறுசக்கரத்திற்குப் பலத்தைத் தரும். தட்டுகள் தேயும்போது பயனும் தேயும். இரண்டாவது, சாய்ந்த பற்களையுடைய சக்கரங்களால் அமைந்தது. இது பற்றுள்ள சக்கரத்திற்கு மற்றதனினும் சில மடங்கு அதிகப் பலத்தைத் தருகிறது, தேய்மானமும் குறைவு. ஆயினும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினும் பூஜ்யமே. அப்பொழுது பிரேக்கைச் சற்றே மிதித்துக் கொண்டு நகர்த்தினால், தொங்கும் சக்கரத்திற்கு ஓர் எதிர்ப்பு உண்டாகி மற்றது இழுக்கத் தொடங்கும்.

மூன்றாவது முழுப் பூட்டு. இரண்டு ஆக்ஸில் தண்டுகளும் ஒரே இரும்புத் தண்டுபோல் ஆகிவிடும். பகலாணியில் அசையும் நுகத்தை ஏர்க்காலோடு ஆப்பறைந்து இறுக்கிவிடுவது போன்றது இது. அப்போது ஒரு மாடு வழுக்கினும் மற்றதன் வலு முழுதும் ஏருக்கு வரும். ஃபோர்டு கனரக வண்டியில் ஓட்டுநர் ஒரு திருகை இழுத்து மின்சாரத்தால் பூட்டலாம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஈட்டன் கம்பெனியார் அமைத்த பூட்டு 1973 முதல் வழங்குகிறது. அது தானே பூட்டிக்கொள்வது. இரு சக்கரங்களுக்கிடையே வேக வித்தியாசம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 100 சுற்றுக்கு மேற்பட்டால் உள்ளிருக்கும் சிறு எடைகள் விரிந்து கொக்கியில் மாட்டும். உடனே தட்டுகள் இறுகி அச்சு பூட்டிக்கொள்ளும். வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினால் கொக்கி மாட்டாது. ஓட்டுநர் எதையும் அறியவேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு, குறையும் அதுவே. சக்கரத்தை அசுரவேகத்தில் சுழலவிட்டபின் அது திடீரென்று பூட்டினால் வரும் அதிர்ச்சியில் கூடு உடைவதுண்டு. மெல்ல மிதிப்பவர் கையில் பல்லாண்டு உழைப்பது, முரடன் கையில் ஒரே மழையில் நொறுங்கும்.

அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில், சுழலும் சக்கரத்தை மட்டும் தானாகப் பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாடும் உண்டு. சாலைக்கும் சிறிது ஈரத்திற்கும் அது போதும். நெடுநேரச் சேற்றுக்கு அது ஏற்றதன்று, பிரேக் காந்திவிடும்.

பூட்டிய அச்சால் வரும் தீங்கையும் மறைக்கலாகாது. நடுமேடும் இருபுறச் சரிவுமுள்ள வழுக்குச் சாலையில் காலி வண்டியைப் பூட்டோடு ஓட்டினால், இரு சக்கரங்களும் ஒருங்கே பிடிதளர்ந்து வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கிச் சரியும். பூட்டாத வண்டியில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பற்றிக்கொண்டு வண்டியைக் காக்கிறது. நம் பக்கத்தில் ஓடும் சிறு பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. அது கருதி வருந்தவேண்டியதில்லை. வயலுக்குள் இறக்காமல் களத்திலேயே நிறுத்தி மூட்டை ஏற்றுவதே அவற்றிற்குரிய பூட்டு.

ஆக்ஸில் தண்டு பாரத்தையும் சுமக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. கனத்த வண்டிகளிலும் லாரிகளிலும் பாரம் முழுதும் வெளிக்குழாயின்மேல் இரண்டு பேரிங்குகளில் நிற்க, தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. சக்கரத்தின் நடுவே வட்டமாக போல்ட்டுகள் முடுக்கிய மூடி புடைத்து நிற்பதைக் கண்டு இதனை அறியலாம். தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்றோடாது. சக்கரத்தைத் தூக்காமலே முறிந்த தண்டை உருவியெடுக்கலாம். இலேசான வண்டிகளில் தண்டே பாரத்தையும் சுமப்பதால், முறிந்தால் சக்கரத்தோடு வெளியேறிவிடும். அவற்றில் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவது, தண்டை மாத்திரமன்றிப் பின்னே வருவோரையும் பணயம் வைப்பதாகும்.

டிராக்டரின் பூட்டு மிதி

நம் குடியானவர் கையிலுள்ள பூட்டு டிராக்டரின் பூட்டே. பெரும்பாலான டிராக்டர்களில் இருக்கையினடியில் வலது குதிகால் எட்டும் இடத்தில் ஒரு சிறு மிதி இருக்கிறது. அது துருவேறி அசையாமற் கிடப்பதை எத்தனையோ வண்டிகளில் காணலாம். விலை கொடுத்து வாங்கிய ஒரு கருவி, உழவனுக்கு மிகத் தேவையான நாளில் உதவாமற் போவது பரிதாபம்.

அதனை உபயோகிக்கும் முறை சிறிது. சக்கரம் சுழலத் தொடங்கிய பின் அன்று, சுழலுமென்று தோன்றும் இடத்தை அடையுமுன்னரே பூட்டவேண்டும். ஏற்கனவே சுழன்றுகொண்டிருந்தால் கிளட்சை மிதித்து, சக்கரம் நின்ற பின், பூட்டு மிதியை அழுத்தி, கிளட்சை மெல்ல விடவேண்டும். சுழலும் சக்கரத்தின்மேல் பூட்டை மிதிப்பது ஓடும் பல்லில் கல்லைப் போடுவதற்கு ஒப்பு. பூட்டியிருக்கும் வரை நேராகவே செல்லவேண்டும். திருப்பத்திற்கு நாலடி முன்பே காலை எடுத்துவிடவேண்டும். காலை எடுத்தும் பூட்டு விடுபடாமலிருப்பதுண்டு. பற்களுக்கிடையே முறுக்கம் நிற்பதே காரணம். கிளட்சை ஒருமுறை மிதித்தாலோ, ஸ்டீயரிங்கை இலேசாக இருபுறமும் அசைத்தாலோ விடுபடும்.

பூட்டோடு திரும்ப முயன்றால் என்னாகும்? முன் சக்கரங்கள் திரும்பியிருக்கும். வண்டியோ நேரே போகும். வாய்க்கால் கரையிலும் கிணற்றோரத்திலும் இதன் பொருள் யாதென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. கெட்டித் தரையிலும் சாலையிலும் பூட்டை ஒருபோதும் தொடலாகாது.

பூட்டு இல்லாத அல்லது கெட்டுப்போன டிராக்டரில் தனித்தனி பிரேக் மிதிகள் ஒருவாறு உதவும். சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் அளவாக மிதித்தால், நுகத்தின் தளர்ந்த கோடியைக் கையால் பிடித்துக்கொள்வதுபோல், மறுசக்கரத்திற்கு வேலை கிடைக்கும். ஆனால் வயலைவிட்டுச் சாலையேறுமுன் இரு மிதிகளையும் கொக்கியால் சேர்த்து மாட்டவேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்த டிராக்டர் பக்கவாட்டில் கவிழும். வாடகை டிராக்டர்களைப் பார்வையிடும் அதிகாரிகள் முதலில் காணவேண்டியது இக்கொக்கி இருக்கிறதா என்பதையே.

எந்தச் சக்கரம் எவ்வளவு வழுக்குகிறதென்பதை உழவர் தாமே அளந்து பார்க்கலாம். பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, கலப்பையைத் தூக்கியபடி வண்டியை 10 சுற்றுக்கள் ஓட்டி, சென்ற தூரத்தைச் சங்கிலியால் அளக்கவேண்டும். பின்பு உழுதுகொண்டே 10 சுற்றுக்கள் ஓட்டி அளக்கவேண்டும். முன்னது 40 மீட்டராகவும் பின்னது 34 மீட்டராகவும் இருந்தால் வழுக்கு 6 மீட்டர், அதாவது நூற்றுக்கு 15. நூற்றுக்கு 10 முதல் 15 வரை வழுக்குவது உழவில் இயல்பே. அறவே வழுக்காத டிராக்டர் தேவைக்கு மீறிய எடையைச் சுமக்கிறதென்று கொள்க. 15-க்கு மேற்பட்டால் டயர் தேய்வதும் டீசல் வீணாவதும் மிகும். இரு சக்கரங்களிலும் கோடிட்டு எண்ணிப்பார்ப்பது இன்னும் நன்று. இடச்சக்கரம் 10 சுற்றுச் சுற்றுவதற்குள் வலச்சக்கரம் 13 சுற்றினால், நேர் உழவிலும் டிப்ரன்ஷியல் ஓயாமல் வேலை செய்கிறதென்பது வெளிப்படை. வார்ப்புக் கலப்பையால் உழும்போது ஒரு சக்கரம் படைச்சாலுக்குள்ளும் ஒன்று உழாத தரையின்மேலும் ஓடுவதாலும், வண்டி சாலின் பக்கம் சாய்வதாலும், மேல் தரையில் ஓடும் சக்கரம் எடை குறைந்து அதிகம் வழுக்குகிறது. டயரில் முக்கால் பாகம் நீர் நிரப்புதலும், அச்சக்கரத்திற்கு இரும்பு எடை கட்டுதலும், இரு டயர்களிலும் காற்றைச் சமமாக வைத்தலும் இதற்குப் பரிகாரம். ஒருபுறம் புது டயரும் மறுபுறம் மொட்டை டயரும் போட்டு ஓட்டுவோர், தம் ஸ்டார் பினியன்களுக்கு ஓய்வே கொடுப்பதில்லை.

சேற்றுழவிற்குக் கேஜ் வீல் மாட்டுவது நம் நஞ்சைகளில் நிலைத்துவிட்ட வழக்கம். அது பற்றுதலை நன்கு கூட்டுகிறது. பற்று கூடியமையால் அச்சுக்கும் முறுக்கு கூடும் என்பதை மறவாமல், மூலைகளில் பூட்டை எடுத்துவிட்டு மெல்லத் திருப்புக. அதனோடு தார்ச்சாலையில் ஓட்டுவது சாலையையும் பேரிங்கையும் ஒருசேரக் கெடுக்கும்.

சக்கரம் சுழலாதபோது வண்டி சுழலும்

இரு பின் சக்கரங்களும் அச்சுமட்டம் அமிழ்ந்தபின் பலர் செய்வது யாதெனில், ஒரு நீண்ட மரத்துண்டை இரு சக்கரங்களுக்கும் குறுக்கே சங்கிலியால் பிணித்து, முன் கியரில் வண்டியை எழுப்ப முயல்வது. மரம் தரையில் ஊன்றிச் சக்கரம் அதன்மேல் ஏறுமென்பது எண்ணம். சில வேளை ஏறும். ஏறாதபோது நேர்வது கொடியது.

யந்திரம் பினியனைச் சுழற்ற, பினியன் கிரவுனைத் தள்ளுகிறது. கிரவுன் சுழன்றால் சக்கரம் சுழலும். கிரவுன் சுழல முடியாதபடி சக்கரம் மரத்தாலும் சேற்றாலும் கட்டுண்டிருந்தால், பினியன் அசையாத கிரவுனின் பற்களின்மேல் தானே ஏறத் தொடங்கும். பினியனோடு சேர்ந்தது யந்திரம். யந்திரத்தோடு சேர்ந்தது முன்பாகம் முழுதும். ஆகவே டிராக்டரின் மூக்கு மேலெழுந்து, பின் அச்சைச் சுற்றி வண்டியே பின்னோக்கிச் சுழலும். முன் சக்கரம் தரையைவிட்டதிலிருந்து வண்டி தலைகீழாவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடியே ஆகும். ஓட்டுநர் கிளட்சில் கால் வைக்குமுன் தப்பும் காலம் கடந்துவிடும். திறமைசாலிகளும் இவ்விபத்தில் மாள்வது இதனாலேயே. டிப்ரன்ஷியல் பூட்டாதிருந்து ஒரு சக்கரமேனும் சுழன்றால் அவ்விசை சேற்றில் செலவாகிவிடும். இரண்டையும் கட்டியபின் அது வண்டியை எழுப்புவதைத் தவிர வேறு வழியறியாது.

இழுசங்கிலியைப் பின் அச்சுக்கு மேலான உயரத்தில், மேலிணைப்புக் கம்பியிலோ இருக்கைக்குப் பின்னாலோ கட்டி மரக்கட்டை இழுப்பதாலும் இதே கதி நேரும். இழுப்பது எதுவாயினும் அச்சுக்குக் கீழேயுள்ள இழுகம்பியில் மாத்திரமே கட்டவேண்டும். ஸ்வீடன் தேசத்தில் 1959 முதல் புது டிராக்டர்களுக்குக் கவிழ்ச்சி தாங்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது; அதன் பின்னர் அங்கே இவ்வகைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அச்சட்டத்தை நிழலுக்கான கூரை என்றெண்ணிக் கழற்றி வைப்பது நம்மவரிடம் உள்ள ஒரு தவறு.

ஆகவே சிக்கிய வண்டியை எடுக்கும் முறை இதுவாகட்டும். சக்கரம் இரண்டு சுற்று வீணே சுழன்றவுடன் நிறுத்துக. இன்னும் மிதிப்பது இன்னும் ஒரு மணி மண்வெட்டி வேலை. டிரெய்லரைக் கழற்றுக. சக்கரங்களின் பின்புறம் மண்ணை வெட்டிச் சாய்வாக்கி, பனைமட்டையோ வைக்கோல் பிரியோ பலகையோ இட்டு, நேராக வைத்துப் பூட்டை அழுத்தி, பின் கியரில் மெல்ல வெளிவருக. பின்னோக்கி வருகையில் முறுக்கு எதிர்த்திசையில் பாய்வதால் முன்பாகம் தரையோடு அழுந்துமேயன்றி எழாது. இதுவும் பலிக்காதாயின் வேறொரு டிராக்டரைக் கெட்டித் தரையில் நிறுத்தி நீண்ட சங்கிலியால் இழுப்பிக்க வேண்டும். இழுக்கும்போது சங்கிலியின் இருமருங்கிலும் ஆள் நிற்கலாகாது. கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்னரே நஞ்சைக்குள் இறங்கும் சாய்வழிகளில் சரளை போட்டு வைத்தால், இவ்வளவு பாடும் பாதியாகக் குறையும். வாடகை பேசும்போதே, சேற்றில் சிக்கிய நேரத்துக்குக் கூலி யார் பொறுப்பு என்று பேசிக்கொள்வதும் நல்லது. மணிக்கணக்கில் வாடகை பேசிய ஓட்டுநர் அவசரப்பட்டுத்தான் மரத்தைக் கட்டுகிறார்.

எண்ணெயும் காற்றுத் துளையும்

பிக்கப் வண்டிகளின் பினியன் பொதுவாகக் கிரவுனின் நடுமட்டத்திற்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பதால், பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்கின்றன. இதற்கு ஜி.எல்-5 தரமுள்ள கியர் எண்ணெயே வேண்டும். யந்திர எண்ணெய் உதவாது. உராய்வுத் தட்டுள்ள அச்சாயின் அதற்கெனக் கூறப்பட்ட எண்ணெயையே இடுக. மற்றதை இட்டால் திருப்பங்களில் அதிர்ந்து முனகும். டிராக்டரில் பின் அச்சும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடும் மாதிரிகள் உண்டாகையால் கையேட்டைப் பார்த்தே ஊற்றவேண்டும். வடிக்கும்போது அடைப்பானின் காந்தத்தில் சாந்துபோல் சாம்பல்நிற மை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலால் எடுக்கத்தக்க சில்லு இருந்தால் அன்றே அச்சைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

அச்சின் மேற்புறம் சுண்டுவிரலளவு ஒரு காற்றுத் துளைக் குமிழ் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உழைத்துச் சூடேறிய அச்சு வாய்க்காலில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், சுருங்கிய இடத்தை நிரப்ப ஆக்ஸில் சீலின் வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருப்பது அதன் அடையாளம். அவ்வாறு கண்டால் வடித்து, டீசலால் அலசி, புது எண்ணெய் ஊற்றி, குமிழைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து மாட்டவேண்டும். சேற்றுழவு முடிந்து வண்டியைக் கழுவும் அன்றே இக்குமிழைப் பார்த்துவிடுவதும், பூட்டு மிதியின் தண்டுக்குக் கிரீஸ் வைத்து நாலுமுறை மிதித்து அது தானே மேலெழும்புகிறதா என்று சோதிப்பதும் கால் மணி வேலைதான்.